பகலில் நடந்த இராப்போசனம்

என் மகளுக்கு இரண்டு வயதாகப் போகிறது. இன்னும் காது குத்தவில்லை. பேருந்தில் பக்கத்தில் இருக்கிற பெண்கள் முதலில் அவளுடைய கன்னத்தைக் கிள்ளுவார்கள், பிறகு காதைத் தொட்டுப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "பொம்பிளைப்பிள்ளை தானே? ஏன் இன்னும் குத்தேல்ல?" சிலர் ஆண்பிள்ளை என்று நினைத்துக் கொஞ்சிவிட்டு, பெயரைக் கேட்டதும் ஏமாற்றப்பட்டவர்கள் போல என்னோடு கோபிப்பார்கள். நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்கிறேன். பிள்ளைக்குத் தோலில் கிரந்தி என்கிறேன். நாள் சரிவரவில்லை என்கிறேன். உண்மையான பதில், இறங்கும் இடம் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியதல்ல. அது நிலாவெளி வீதியில் ஒரு மண்டபத்து வாசலில் தொடங்கியது.

தாய்மாமன் மடியில் இருத்தித்தான் காது குத்துவது. எங்கள் வீட்டிலும் அப்படி, என் கணவர் வீட்டிலும் அப்படி. அந்த மடியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பெண்ணுக்கு ஒரு சகோதரன் இருந்தால் அது அவனுடையது. எனக்கு இருப்பது ஒரேயொரு தம்பி. மகள் பிறந்த கிழமையே அவன் போய் வேப்பம்பூ அளவில் ஒரு சோடித் தோடு வாங்கி வந்துவிட்டான். "மாமன்ர வேலை முடிஞ்சுது. இனிக் காது வளர்ந்தாச் சரி," என்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சிரித்தேன். தையல் வலித்தது.

தம்பிக்குக் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை. தாலி கட்டும்போது அழுகிற தாய்மாரை எந்த இடத்தில் வைப்பது, பந்தியில் வாயைத் திறந்தபடி அகப்பட்ட பெரிய மனிதர்களை எந்த இடத்தில் வெட்டுவது என்பதெல்லாம் அவனுக்குக் கைவந்தது. அவனுக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது என் கலியாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அவனே சொன்னான். என் கணவருக்கு நான் சொன்னதில்லை, அவர் கேட்டதுமில்லை, ஆனால் அவருக்கும் தெரியும். நான் மாமி என்று கூப்பிடுகிற என் கணவரின் தாய்க்கும் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். தம்பிக்குப் பெண் பார்க்கிற கதையை யாராவது எடுத்தால் அவர் உடனே எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்திருப்பதில் எங்கள் இரண்டு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. அப்படி வைத்திருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி மதியச் சாப்பாட்டுக்கு வருவான். மாமி அவனுக்கென்று கணவாய்க் கறியில் ஒரு பங்கு எடுத்து மூடி வைப்பார்.

தம்பியும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு பால்புதுமையர் திரைப்பட விழா நடத்த வேண்டும் என்று திரிந்தார்கள். அவனைப் போன்றவர்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இவர்கள் எடுத்த படங்களும் இவர்களைப் பற்றிய படங்களும். கொழும்பில் அப்படி நடக்கிறது. எங்கள் பக்கத்தில், தமிழில், நடந்ததில்லை. மண்டபத்துக்கும் திரைக்கும் காசு வேண்டும். அதற்காக ஒரு நுழைவுச்சீட்டு நிகழ்ச்சி. அதன் அறிவித்தலைத் தன் கைப்பேசியில் எனக்குக் காட்டினான்.

"புரொம் எண்டு போட்டிருக்கு. அதென்ன?"

"இராப்போசனம் தான், அக்கா. ஆனா ஆடலாம். விருப்பமான ஆளோட ஆடலாம்."

எங்கள் பாடசாலைகளில் உயர்தர வகுப்பை முடிக்கிறவர்களுக்கு ஓர் இராப்போசன விருந்து வைப்பார்கள். பெண்பிள்ளைகள் முதன்முதலாகச் சீலை உடுப்பது அன்றைக்குத்தான். பையன்கள் கழுத்துப்பட்டி கட்டுவார்கள். பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். ஒரு பக்கம் பெண்கள், மற்றப் பக்கம் பையன்கள், நடுவில் பொறுப்பாசிரியர். தம்பியின் இராப்போசனத்துக்கு அவனுடைய நீளக்கைச் சேட்டுக்கு நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்து "நல்லாயிருந்தது" என்றான். சாப்பாட்டுக் கோப்பையோடு சுவரோரம் நின்றுவிட்டு வந்ததாகப் பல வருடங்களுக்குப் பிறகு சொன்னான்.

"எங்கள்ல ஒருத்தரும் எங்கட இராப்போசனத்துக்கு நாங்களாப் போகேல்ல," என்றான் இப்போது. "அதுதான் திரும்ப வைக்கிறம். முப்பது வயசிலயும் அம்பது வயசிலயும்."

"இரவோ?"

"பகல். ரெண்டு மணிக்கு."

"பகல்ல என்னத்துக்கு இராப்போசனம்?"

"இரவில வெளிக்கிட்டா எங்க போறாய் எண்டு கேப்பினம். பகல்ல ஆர் கேக்கிறது? பாதிப்பேர் வங்கிக்குப் போறம் எண்டு சொல்லிப்போட்டு வருகினம்."

"சீலை உடுத்துக்கொண்டு வங்கிக்கோ?"

"அங்க வந்துதான் உடுப்பினம். அதுக்குத்தான் நீ." எனக்குச் சீலை நன்றாக உடுத்திவிட வரும். என் கலியாணத்துக்கு முன் பாதித் தெருவுக்கு நான் உடுத்திவிட்டிருக்கிறேன். "பிறகு, ஒரு பொறுப்பாசிரியரும் வேணும். எங்கட ஆக்கள் எல்லாரையும் யோசிச்சுப் பார்த்தன். எல்லாத்துக்கும் பயப்பிடுறது நீதான். உன்னை விட்டா ஆரை வைக்கிறது?"

வருகிறேன் என்றேன். அன்றிரவே வரமாட்டேன் என்று செய்தி அனுப்பினேன். காலையில் திரும்பவும் வருகிறேன் என்றேன். சட்டப் புத்தகத்தில் அவனைக் குற்றவாளியாக்குகிற அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது. யாராவது படம் எடுத்துப் போட்டால் என்ன, பொலிஸ் வந்தால் என்ன, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் வந்தால் என்ன. தம்பி எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னான். வாசலில் கைப்பேசிகளை வாங்கி வைப்போம், கமரா கிடையாது. பொலிஸ் வந்தால் பழைய மாணவர் ஒன்றுகூடல்.

வீட்டிலும் நான் அதைத்தான் சொன்னேன். தம்பியின் பழைய மாணவர் ஒன்றுகூடல். அது பொய்யுமல்ல.

கார்த்திகை மாதம், மழைக்காலம். உல்லாசப் பயணிகள் இல்லாததால் விடுதிகள் வெறுமையாகக் கிடந்தன. அப்படி ஒரு விடுதியின் பின்பக்க மண்டபத்தைத்தான் எடுத்திருந்தார்கள். கடல் இரைகிற சத்தம் உள்ளே கேட்டது. யன்னல்களுக்குத் திரை இழுத்து விளக்குகளைப் போட்டால் பகல் இரண்டு மணி ஓரளவு இரவு மாதிரித்தான் இருந்தது. தவழத் தொடங்கியிருந்த மகளை இரண்டு கதிரைகளைச் சேர்த்துப் படுக்க வைத்துவிட்டு, பின்னறையில் சீலை உடுத்திவிடத் தொடங்கினேன்.

எனக்கு உதவிக்கு ஒருவர் இருந்தார். சாம்பல்தீவுப் பக்கத்தைச் சேர்ந்த திருநங்கை. மணப்பெண் அலங்காரம் அவருடைய தொழில். நல்ல உயரம். வாய் ஓயாது. "பொறுப்பாசிரியர் மிஸ், ஊசியை வாயில வைச்சுக்கொண்டு யோசியாதேங்கோ, விழுங்கிப்போடுவியள்," என்பார். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக வேலை செய்கிற ஒருவர், நாற்பது வயதைத் தாண்டியவர், சீலையை அரிசிப் பையில் மறைத்துக் கொண்டு வந்திருந்தார். கந்தோரில் அவரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்களாம். கடும் நீலச் சீலை. வாங்கி எத்தனையோ காலமாம், மடிப்பில் நிறம் மங்கியிருந்தது. நான் முன்மடிப்புகளை எடுத்துக் கொய்யகம் பிடித்துச் செருகும்போது அவர் மூச்சை விடாமல் நின்றார். "மூச்சு விடலாம்," என்றேன். "விட்டாக் குழம்பிடுமோ?" என்று கேட்டார். இன்னொருவர் தலை முழுக்க நரைத்த மனிதர். தன் பாடசாலைக் கழுத்துப்பட்டியையே கட்டிக்கொண்டு வந்திருந்தார். அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

எனக்கு அங்கே பயமில்லாமல் இருந்தது. அதுவே எனக்கு ஒரு பயமாக இருந்தது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருந்தார். அவருக்கு இது என்ன நிகழ்ச்சி என்று யாரும் விளக்கவில்லை. பட்டுச்சீலைகளைக் கண்டார், சாப்பாட்டு ஒழுங்கைக் கண்டார். எந்த விசேஷத்துக்கும் செய்வதைத் தன்பாட்டில் செய்தார். வீதியோர வாசலில் ஒரு மேசை வைத்து, வெள்ளைத் துணி விரித்து, நிறைகுடம் வைத்தார். குடத்தில் மாவிலையும் தேங்காயும், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, முன்னால் பன்னீர்ச் செம்பும் சந்தனமும் குங்குமமும். திரை இழுத்து மறைத்த நிகழ்ச்சிக்கு வாசலில் நிறைகுடம்.

தம்பி கண்டதும் தலையில் கைவைத்தான். "அக்கா, உதை உள்ளுக்கு எடுப்பிக்கிறியா? கலியாண வீடெண்டு சனம் எட்டிப்பாக்கப் போகுது."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அந்த அக்கா அப்போதுதான் விளக்கைக் கொளுத்திக்கொண்டிருந்தார். எடுக்கச் சொன்னேன்.

"கொளுத்தினதை நூத்துப்போட்டு எடுக்கிறதோ, பிள்ளை?" என்றார். "விசேஷம் முடியாமல் நிறைகுடத்தை எடுத்தால் அது செத்தவீட்டுக் கணக்கெல்லோ?"

எடுத்தால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைத்தேன். எடுக்காவிட்டாலும் ஆகிவிடுமோ என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பட்டுச்சீலை, கையில் குழந்தை, பக்கத்தில் எரிகிற விளக்குகள். நிலாவெளிப் பேருந்து கடந்து போய், கொஞ்சத் தூரத்தில் சடாரென்று நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் சாரதியை ஏசுவது கேட்டது. இறங்கியவர் பெரியமாமி. மாமியின் மூத்த சகோதரி. நிலாவெளியில் இருப்பவர். குடையை விரிக்காமலே மழைத் தூறலில் நடந்து வந்தார்.

"வாசல்ல நிறைகுடம். நீ பட்டுச்சீலை. எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல. என்ன பிள்ளை விசேஷம்?"

"இல்ல மாமி, இது தம்பியின்ர..."

"தம்பிக்கோ! எழுத்தோ? கடவுளே, சொல்லாமல் கொள்ளாமல் பதிவுக் கலியாணம் வைக்கிற அளவுக்கு நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

உள்ளே வராதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். இது வேறு நிகழ்ச்சி, தெரியாதவர்கள், நானும் சும்மா வந்தனான் என்று சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து எத்தனையோ வசனங்களைச் செய்து பார்த்துவிட்டேன். ஆனால் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கணவரின் பெரியம்மாவை, மழையில், போங்கோ என்று சொல்லும் வாய் எனக்கு வளர்க்கப்படவில்லை. அதற்குள் அலங்காரக்காரர் வெளியே வந்து பன்னீரைத் தெளித்துவிட்டார்.

"வாங்கோ அம்மா, வாங்கோ. சந்தனம் எடுங்கோ."

பெரியமாமி சந்தனத்தைத் தொட்டபடி அவரை உற்றுப் பார்த்தார். "நீ எங்கட மூத்தவளின்ர கலியாணத்துக்கு அவளை வெளிக்கிடுத்தின ஆளெல்லோ?"

"நான்தான் அம்மா. வெளிக்கிடுத்தி முடிய, பந்தியில இருந்திட்டுப் போ எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. பரவாயில்ல. நீங்கள் இருந்திட்டுப் போங்கோ."

பெரியமாமி அதை ஒரு பகிடியாக எடுத்துச் சிரித்தார்.

உள்ளே போனதும் முதற் கேள்வி, "பொம்பிளை எங்க?"

"எல்லாரும் பொம்பிளை தான். எல்லாரும் மாப்பிளை தான். முதல்ல சாப்பிடுங்கோ," என்றார் அலங்காரக்காரர்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பொறுப்பாசிரியருடைய முகம் எப்படி இருந்தது என்று பிறகு நடித்துக் காட்டினான். பாட்டை நிறுத்துவதா என்று யாரோ கேட்டார்கள். தம்பி வேண்டாம் என்றான். "வாற சனம் வரட்டும். சீட்டு வாங்காமல் வந்தது மட்டும்தான் பிழை."

நான் இதைச் சரியாக எழுத வேண்டும், ஏனென்றால் பின்னால் இது வேறு மாதிரிச் சொல்லப்பட்டது. பெரியமாமி அங்கே சந்தோசமாக இருந்தார். பற்றிஸ் சாப்பிட்டார், பிறகு புரியாணி சாப்பிட்டார், அதில் உப்புக் குறைவு என்றார். நரைத்த மனிதரைக் கூப்பிட்டு, "தம்பி, உது ஆற்ற மகன்ர பட்டி?" என்று கேட்டு, அவிழ்த்துத் திரும்பக் கட்ட வைத்தார். பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். கந்தோர்க்காரர் நீலச் சீலையோடு கடந்து போனபோது அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆர் உந்தக் கொய்யகம் பிடிச்சது?"

நான்தான் என்றேன்.

"உமக்கு அவசரம். இஞ்ச வா பிள்ளை." எழுபது வயதை நெருங்குகிற பெரியமாமி நிலத்தில் முழங்காலிட்டு இருந்து, செருகியதை எடுத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்து, கரையை இழுத்து நேராக்கி, திரும்பச் செருகிவிட்டார். என் தோளைப் பிடித்து எழுந்து, தள்ளி நின்று பார்த்தார். "வடிவான பிள்ளை. கலியாணம் ஆகேல்லையோ?"

கந்தோர்க்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய வாழ்க்கையில் அவரை யாரும் பிள்ளை என்று அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கண்மை கரைந்துவிடும் என்று அலங்காரக்காரர் ஓடிவந்து துணியால் ஒற்றினார். பெரியமாமி என்னிடம், "பாவம், கலியாணக் கதை எடுத்திருக்கக் கூடாது," என்று இரகசியமாகச் சொன்னார். பெரியமாமிக்கு அப்போது எவ்வளவு விளங்கியிருந்தது என்று எனக்குத் தெரியாது. முழுவதும் விளங்கியிருந்தது என்று சில நாட்களில் நினைக்கிறேன்.

தம்பி என் மகளைத் தன் மடியில் வைத்திருந்தான். பிள்ளையின் காதைப் பிடித்து, "இதில ஒண்டு, இதில ஒண்டு," என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய கழுத்துப்பட்டியைச் சூப்பினாள்.

கடைசி ஆட்டம் என்று அறிவித்தார்கள். ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். தம்பி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு எழுந்து, மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த ஒருவரின் கையைப் பிடித்து நடுவுக்குப் போனான். அவரைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தான், அன்றுதான் பார்த்தேன். இருவருக்கும் ஆடத் தெரியவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் தலையை வைத்துக்கொண்டு சும்மா அசைந்தார்கள். சுற்றிலும் மற்றவர்களும் அப்படித்தான். சுவரோரத்தில் யாரும் நிற்கவில்லை.

பெரியமாமி சாப்பிடுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையைக் கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்ல சாப்பாடு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "வீணாப் போகப்போகுது. ரெண்டு பார்சல் கட்டித் தாரும். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கட்டிக் கொடுத்தேன். வாசல் வரை குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். நிறைகுடத்தைக் கடக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நான் ஓட்டோவில் வீட்டுக்கு வந்து சேர முன்னரே பெரியமாமியின் தொலைபேசி அழைப்பு வந்து சேர்ந்திருந்தது. மாமி முன்னறைக் கதிரையில் இருந்தார். கைப்பேசி மடியில். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீர் பிள்ளையையும் கொண்டே வைச்சிருந்தனீராம்."

"ஓம் மாமி."

"அக்காவுக்குச் சத்தி எடுக்குதாம். குளிச்சும் மனம் ஒத்துவரேல்லையாம். கண்டறியாத சனங்களின்ர கையால சாப்பிட்டிட்டன் எண்டு அழுறா."

பார்சல் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும் போலிருந்தது. நான் கேட்கவில்லை. அதைக் கேட்காதது இப்போதும் எனக்குள் கிடக்கிறது, மீன்முள் மாதிரி.

"உம்மட தம்பியை நான் ஒண்டும் சொல்லேல்ல," என்றார் மாமி. "எப்பவும் போல வரட்டும், சாப்பிடட்டும். காதுகுத்துக்கு மட்டும் மடிக்கு வேற ஆக்களைப் பாப்பம். அக்காவின்ர மகன் இருக்கிறான். அவனும் பிள்ளைக்கு ஒரு முறையில மாமன் தானே."

அவன் எந்த முறையிலும் மாமன் அல்ல. என் கணவருக்குப் பெரியம்மா மகன், ஆகவே பிள்ளைக்குப் பெரியப்பா. முறைகளைப் பிசகாமல் பார்க்கிற குடும்பம், அன்றைக்கு ஒரு பெரியப்பாவை ஒரு நிமிடத்தில் மாமனாக்கியது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

என் கணவரிடம் இரவு கதைத்தேன். அவர் துறைமுகப் பக்கம் வேலை செய்கிறார். கெட்ட மனிதரல்ல. களைத்த மனிதர். "இஞ்சரும், ஒரு நாள் அலுவல் தானே," என்றார். "அம்மாவும் பெரியம்மாவும் வயசான ஆக்கள். தம்பிக்கு விளங்கும். அவன் படிச்சவன்."

"உங்களுக்கு முந்தியே தெரியும் தானே, தம்பியைப் பற்றி?"

"தெரியும்."

"மாமிக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியிறது வேற. பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிப்போட்டா. இனித் தெரியாத மாதிரி இருக்க ஏலாதே."

தம்பிக்குச் சொல்ல நான் நேரில் போனேன். டச்பே கடற்கரையில் கொத்துக்கடலை வாங்கிக்கொண்டு போய் மணலில் இருந்தோம். ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு வந்து கடதாசியைத் தின்னப் பார்த்தன. நான் சொல்லி முடிக்கும்வரை அவன் மான்களைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"குத்து அக்கா. நான் என்ன, மடிக்கு உரிமை கேட்டு வழக்குப் போட ஏலுமே? ஆற்ற மடியெண்டு அவளுக்கு நினைவிருக்காது."

"எனக்கு நினைவிருக்கும்."

"உனக்கு எல்லாம் நினைவிருக்கும், அதுதான் உன்ர வருத்தம்." பிறகு சிரித்தான். "எனக்கு ஒரே ஒரு கவலை. கமரா வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான். உங்கட பெரியமாமி முழங்கால்ல இருந்து கொய்யகம் பிடிச்சாவே, என்ர வாழ்க்கையில எடுத்திருக்க வேண்டிய ஒரே ஷொட் அது. எத்தினை கலியாணத்தில எத்தினை பொய்யான அழுகையை எடுத்திருக்கிறன்."

அவன் அவ்வளவு இலேசாக விட்டுக்கொடுத்தது எனக்குக் கோபமாக இருந்தது. சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன் என்று நினைத்தேன். அவன் பிடிக்காததால் எனக்கும் வசதியாகப் போயிற்று என்றும் நினைத்தேன்.

சாத்திரியார் தை மாதத்தில் ஒரு நாள் குறித்தார். அது திரைப்பட விழாவின் நாள். மாமிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. தற்செயல் என்றுதான் நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

அன்று காலை கோயில் மண்டபத்தில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. வாசலில் நிறைகுடம். பெரியமாமி புதுச் சீலையில், எல்லோருக்கும் முன்னால். அவருடைய மகன் கரை வேட்டி கட்டிச் சம்மணமிட்டு இருந்தான். அவனில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்கு இனிப்பும் வாங்கி வந்திருந்தான். நகை செய்கிற பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டில் வேறு தோடு இருந்தது. பெரியமாமி கொண்டுவந்தது. தம்பி வாங்கியது எங்கள் வீட்டு அலுமாரியில், பஞ்சுக்குள்.

"பிள்ளையைத் தாங்கோ," என்றான் பெரியமாமியின் மகன்.

கொடுத்தேன். நான் கொடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் அவனுடைய மடியில் இருந்து அவனுடைய முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னை நோக்கிக் கையை நீட்டி வீரிட்டாள். பத்தர் அவளுடைய காதைப் பிடித்தார். யாரோ தலையைப் பிடித்தார்கள். பெரியமாமி குனிந்து, "என்ர ராசாத்தி, ஒரு நுளம்பு கடிக்கிற மாதிரித்தான்," என்று அவளுடைய சட்டை மடிப்பை நீவிச் சரிசெய்தார். கரையை இழுத்து, நேராக்கி. அதே விரல்கள்.

நான் போய்ப் பிள்ளையைத் தூக்கிவிட்டேன்.

"இண்டைக்கு வேண்டாம்," என்றேன்.

மாமி என்னைப் பார்த்தார். அடுத்த வசனம் என் வாயில் இருந்தது. இவளுக்கு மாமன் இருக்கிறான். நான்கு சொல் கூட இல்லை. மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் விட்டேன்.

பெரியமாமி சிரித்தார். "தாய் பயந்திட்டா! பிள்ளை அழ முன்னம் இவ அழுறா, பாருங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். பத்தரும் சிரித்தார். பொம்பிளைப்பிள்ளை பெற்ற தாய்மார் இப்படித்தான், போன கிழமையும் ஒருவர் மயங்கி விழுந்தார் என்றார். என் கணவர் நிம்மதியோடு என் முதுகில் தட்டினார். மாமியின் முகமும் இளகியது. நாள் தள்ளிப்போனால் போகட்டும், முதலில் எல்லோரும் சாப்பிடுவோம் என்றார். எனக்கு வழி விட்டு விலகினார்கள். அந்த வழியால் நான் வெளியே போனேன். அந்த வசனம் வாயிலேயே கிடந்தது.

விழாவுக்கு நான் போகவில்லை. பிறகு அலங்காரக்காரரைக் கடைத்தெருவில் கண்டபோது சொன்னார். படங்கள் ஓடினவாம். மின்சாரம் ஒருமுறை நின்று வந்ததாம். வந்தவர்களில் பலர் வெளியூர்க்காரராம். மண்டபத்து அக்கா திரும்பவும் வாசலில் நிறைகுடம் வைத்தாராம், இந்த முறை யாரும் எடுக்கச் சொல்லவில்லையாம். கந்தோர்க்காரர் வரவில்லை. பெரியமாமியின் கதை எங்கெங்கோ போய் அவருடைய கந்தோர் வரை போய்விட்டது. இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லவில்லை.

"பெரியம்மா அவவுக்குப் பிடிச்சுவிட்ட கொய்யகம் என்ன வடிவு, என்ன மிஸ்?" என்றார் அலங்காரக்காரர். அவர் அதைப் பகிடியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இப்போது ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் விசையிழுக்கிற துவக்குப் போன்ற ஒன்றால் ஒரு நொடியில் குத்திவிடுகிறார்களாம். என் கணவர் விசாரித்து வந்திருக்கிறார். உயரமான கதிரையில் பிள்ளையை இருத்தினால் போதும், ஒருவருடைய மடியும் தேவையில்லை. மாமிக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டிருக்கிறது. பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பார்ப்போம் என்று நான் சொன்னால் பயப்படுகிறேன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே யாரும் என்னை வற்புறுத்துவதில்லை.

காதுகுத்து நின்ற அன்று பின்னேரம் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையில் அனுப்பியிருக்க வேண்டும். கதை அதற்குள் அவனுக்கும் போய்விட்டிருந்தது, எல்லோரும் சொல்கிற விதத்தில்.

"பயந்திட்டியா அக்கா?"

மகள் என் மடியில் நித்திரையாகியிருந்தாள். உனக்காகத்தான் என்று எழுதினேன், அழித்தேன். அப்படி எழுத, மண்டபத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை அழுதாள், அந்த விரல்களைக் கண்டேன், தூக்கினேன். அதில் எவ்வளவு அவனுக்காக, எவ்வளவு வெறும் பயம் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஓம்," என்று அனுப்பினேன்.

ஒரு சிரிக்கிற முகத்தை அனுப்பினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வரவில்லை. மாமி கணவாய்க் கறியில் ஒரு பங்கு எடுத்து மூடித்தான் வைத்திருந்தார்.